சீமை ஓடா, வண்ணத் தகரமா?

பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் கூரை மாற்ற நினைப்பவர்கள் முதலில் கணக்கில் கொள்ள வேண்டியது, பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடியில் நுழைந்து, எடை குறைந்த கூரையைத் தூக்கப் பார்க்கும் காற்றைத்தான். 1865இல் மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறித்தவ சமய அமைப்பு தொடங்கிய ஆலையால் பரவிய சீமை ஓடு, தன் இடுக்குகளின் வழியே வெப்பக் காற்றை வெளியேற்றுவதால், சித்திரை மதியத்திலும் உள்ளே உட்கார முடிகிறது. ஆனால் தேங்காய் விழுந்தால் உடையும், மாற்றத் தெரிந்த ஆள் கிடைப்பதும் இப்போது அரிது. தகரம் எடை குறைவு, விரைவில் வேய்ந்துவிடலாம். எனினும், குடியிருக்கும் வீட்டுக்குச் சீமை ஓடு, மாடு கட்டும் கட்டுத்தரைக்குத் தகரம் என்பதே என் தேர்வு. தகரத்தின் கீழே மழைச் சத்தத்தில் பேச்சே கேட்காது என்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் தகரத்தைப் பிடித்திருக்கும் திருகாணியின் ரப்பர் வளையம் வெயிலில் வெடித்துவிட்டால், அந்தத் துளையிலேயே ஒழுகத் தொடங்கும்.