லினக்ஸின் பிஎம் கியூஓஎஸ்: கடிவாளம் நல்லது, பிடிக்கிற இடம்தான் சிக்கல்

மின்சாரத்தை மிச்சப்படுத்தும் வேலையையும் உடனே பதில் சொல்லும் வேலையையும் ஒரே பிராசஸரிடம் கொடுத்தால் இரண்டில் ஒன்று அடி வாங்கும். அந்தச் சண்டையைத் தீர்க்க லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் 2.6.25 பதிப்பிலிருந்து, அதாவது 2008 முதல், வைத்திருக்கும் வசதிதான் பிஎம் கியூஓஎஸ் (மின் மேலாண்மைச் சேவைத்தரம்). "இத்தனை மைக்ரோநொடிக்கு மேல் என்னைக் காக்க வைக்காதே" என்று ஒரு நிரலோ டிரைவரோ கெர்னலிடம் எழுதிக் கொடுக்கலாம். அந்த எல்லைக்குள் எவ்வளவு சேமிக்க முடியுமோ அவ்வளவை கெர்னல் சேமித்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் வடிவமைப்புக்கு முழு மதிப்பெண் தரலாம். பயனருக்குக் காட்டும் முகத்துக்குப் பாதிதான்.

வேலையில்லாத கோர் (பிராசஸருக்குள் இருக்கும் கணிப்பு அலகு) சும்மா சுற்றிக்கொண்டிருப்பதில்லை, தூங்கப் போகிறது. தூக்கத்தில் பல ஆழங்கள் உண்டு. இன்டெல் ஸ்கைலேக் சர்வர் சிப்களுக்கு, கோர்களைத் தூங்க வைக்கும் இன்டெல்-ஐடில் டிரைவர் வைத்திருக்கும் அட்டவணையில் சி1 நிலையிலிருந்து விழிக்க 2 மைக்ரோநொடி, சி1இ-க்கு 10, சி6-க்கு 133. அதே தலைமுறையின் மடிக்கணினி சிப்களில் சி10 வரை போகலாம், அங்கே விழிப்பு 890 மைக்ரோநொடி. சி1 கோழித்தூக்கம் என்றால் சி10 கும்பகர்ணத் தூக்கம். நெட்வொர்க் கார்டிலிருந்து இன்டரப்ட் வந்து தட்டும்போது கோர் எந்த ஆழத்தில் கிடந்தது என்பதைப் பொறுத்தே பதில் வரும் நேரம் அமையும். சராசரி நன்றாக இருக்க, நூற்றில் ஒரு பதில் மட்டும் திடீரென்று இழுக்கிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டிய இடம் இதுதான்.

பல நிரல்கள் பல எல்லைகள் கேட்டால் மிகச் சிறிய எண்தான் செல்லும். ஒருவர் 100 கேட்டு இன்னொருவர் 20 கேட்டால் எல்லாருக்கும் 20. யாரும் யாருடைய கோரிக்கையையும் தளர்த்த முடியாது. பேச்சுவார்த்தை, முன்னுரிமை என்ற குழப்பமே இல்லாத இந்த எளிமைதான் இத்தனை ஆண்டுகள் இதைத் தாக்குப்பிடிக்க வைத்திருக்கிறது. தொடக்கத்தில் இருந்த நெட்வொர்க் தாமதம், நெட்வொர்க் வேகம் போன்ற பிரிவுகள் பிற்பாடு கழற்றப்பட்டன. உலகளாவிய எல்லையாக இன்று மிஞ்சியிருப்பது சிபியு தாமதம்.

பயனர் பக்கத்து வாசல் டெவ் கோப்பகத்தில் இருக்கும் சிபியு_டிஎம்ஏ_லேட்டன்சி என்ற சாதனக் கோப்பு. அதைத் திறந்து, மைக்ரோநொடியில் ஓர் எண்ணை எழுதி, திறந்தபடியே வைத்திருக்க வேண்டும். கோப்பு மூடப்பட்ட அந்தக் கணமே கோரிக்கை ரத்து. நிரல் பாதியில் செத்து விழுந்தாலும் கெர்னலே கோப்பை மூடிவிடுவதால், இயந்திரம் வீணாக மின்சாரம் தின்றுகொண்டு கிடக்காது. நல்ல யோசனை. இங்கேதான் முக்கால்வாசிப் பேர் வழுக்கி விழுவதும். எக்கோ கட்டளையால் 0 என்று அந்தக் கோப்புக்குள் தள்ளுகிறார்கள். எக்கோ திறக்கிறது, எழுதுகிறது, மூடுகிறது. கோரிக்கை சில மைக்ரோநொடி உயிர் வாழ்ந்து மறைந்துவிடுகிறது. பிழைச் செய்தியும் வராது.

இதைவிட மோசமான பொறி ஒன்று உண்டு. வரும் தரவு சரியாக நான்கு பைட் என்றால் கெர்னல் அதை நேரடி இருமை எண்ணாக எடுத்துக்கொள்ளும். வேறு நீளம் என்றால் பதினாறடிமான எழுத்தாகப் படிக்கும். எக்கோ மூலம் 20 என்று அனுப்பினால், வரிமுடிவோடு சேர்த்து மூன்று பைட். பதினாறடிமானத்தில் 20 என்றால் 32. நீங்கள் கேட்டது 20 மைக்ரோநொடி, பதிவானது 32. சரி, போகட்டும். 100 என்று அனுப்பிப் பாருங்கள்: மூன்று இலக்கமும் வரிமுடிவும் சேர்ந்து கச்சிதமாக நான்கு பைட். எழுத்துகளின் ஆஸ்கி மதிப்புகளையே கெர்னல் எண்ணாகப் படிக்கும். எக்ஸ்86 இயந்திரத்தில் விடை 17,09,30,225 மைக்ரோநொடி, கிட்டத்தட்ட 171 நொடி! எல்லை போட்டதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அங்கே எல்லையே கிடையாது. ஒரே கோப்பில் இரண்டு வடிவங்களை நீளத்தை வைத்துப் பிரித்தறிவது என்ற முடிவை யார் எடுத்திருந்தாலும் அதை மெச்ச முடியாது.

ஷெல்லிலிருந்தே செய்ய வேண்டுமென்றால், எக்ஸெக் கட்டளையால் கோப்பு விவரிப்பான் 3-ஐ அந்தக் கோப்புக்குத் திறந்து வையுங்கள். பிறகு பிரிண்ட்எஃப் மூலம் நான்கு பைட்டை அதற்குள் எழுதுங்கள். 20 வேண்டுமென்றால் முதல் பைட் பதினாறடிமானத்தில் 14, மற்ற மூன்றும் பூஜ்யம். ஷெல் உயிரோடிருக்கும் வரை எல்லை நிற்கும். எழுதியது ஏறியதா என்று பார்க்க வேறொரு முனையத்திலிருந்து ஓடி (od) என்ற கட்டளையால் முதல் நான்கு பைட்டைக் குறியுள்ள பதின்ம எண்ணாகப் படியுங்கள். அப்போதைய மிகச் சிறிய எல்லை தெரியும். 2,00,00,00,000 என்று வந்தால் யாருமே எதுவும் கேட்கவில்லை என்று பொருள்; அது 2,000 நொடி என்ற இயல்புநிலை எண். எதிர்பாராத சிறிய எண் வந்தால் எல்எஸ்ஓஎஃப் கட்டளையைக் கேளுங்கள், கோப்பைத் திறந்து வைத்திருக்கும் நிரல் எதுவென்று சொல்லும். கெர்னல் டிரைவர்கள் உள்ளிருந்து போடும் கோரிக்கைகள் அதில் தெரியாது. முன்பு கெர்னலின் பிழைதேடல் கோப்பகமான டீபக்எஃப்எஸ்-இல் முழுப் பட்டியலும் இருந்தது. 5.7 பதிப்பின் சீரமைப்பில் அதை எடுத்துவிட்டார்கள், இது இழப்புதான். இப்போது பிஎம் கியூஓஎஸ் டிரேஸ் (நடப்பதைப் பதியும்) நிகழ்வுகளைப் பிடித்துத் தேட வேண்டும்.

எந்த எண்ணை எழுதுவது? பலர் இதை ஒலிப்பெருக்கியின் திருகு போல நினைத்து 50, 40, 30 என்று குறைத்துப் பார்க்கிறார்கள். இது திருகு இல்லை, படிக்கட்டு. விழிப்புத் தாமதம் எல்லைக்குச் சமமாகவோ குறைவாகவோ இருக்கும் நிலைகளுக்கு மட்டும் அனுமதி, அவ்வளவுதான். மேலே சொன்ன சர்வர் அட்டவணையில் 10 எழுதினாலும் 132 எழுதினாலும் விளைவு ஒன்றே: சி1இ வரை போகலாம், சி6 கூடாது. 133 எழுதினால் சி6 திறந்துகொள்ளும். 9 எழுதினால் சி1 மட்டும். ஆகவே முதலில், கெர்னல் தன் அமைப்புகளைக் காட்டும் சிஸ்எஃப்எஸ்-இல் ஒவ்வொரு சிபியுவின் சிபியு-ஐடில் கோப்பகத்துக்குள் போய், நிலைவாரியாக நேம், லேட்டன்சி, ரெசிடென்சி (குறைந்தது எவ்வளவு நேரம் தூங்கினால் லாபம்) மூன்றையும் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் பயன்பாடு தாங்கும் தாமதத்தில் நெட்வொர்க்குக்கும் மென்பொருளுக்கும் உரிய பங்கைக் கழித்து, மிஞ்சுவது எந்தப் படியில் விழுகிறது என்று பாருங்கள். ஏசிபிஐ (ஃபர்ம்வேர் இயங்குதளத்துக்கு வன்பொருள் விவரம் சொல்லும் முறை) வழியாக வரும் அட்டவணையில் உள்ள எண்கள் ஃபர்ம்வேர் எழுதியவர் சொன்னவை. அவை அளந்து பார்த்த உண்மையாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பாதி "0 எழுது" என்பதோடு முடிந்துவிடுகிறது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தும் வேலை அது. 0 என்றால் சி1 கூடக் கிடையாது. எல்லாக் கோர்களும் போல் (POLL) என்ற தூங்காத நிலையில் கண்ணைத் திறந்தபடி சுற்றிக்கொண்டே இருக்கும். மின்செலவும் சூடும் ஏறுவது எல்லாருக்கும் தெரிந்தது. அவ்வளவாகப் பேசப்படாத நஷ்டம் டர்போ வேகத்தில் இருக்கிறது. இன்டெல் சிப்களில் எத்தனை கோர் விழித்திருக்கிறது என்பதைப் பொறுத்தே உச்ச வேகம் கிடைக்கும். சி0, சி1 நிலையில் இருப்பவை எல்லாம் விழித்தவை என்றே கணக்கு. மற்றக் கோர்கள் சி6-க்குப் போனால்தான் வேலை செய்யும் ஒரு கோருக்கு உயர்ந்த படி திறக்கும். எல்லாரையும் விழிக்க வைத்தால் விழிப்புத் தாமதத்தில் மிச்சம் பிடித்ததைக் கணக்குப் போடும் வேகத்தில் இழப்பீர்கள். ஹைப்பர்திரெடிங் (ஒரு கோரை இரண்டு திரெட்டாகப் பகிரும் முறை) இருந்தால் இன்னொரு வம்பு: சும்மா சுற்றும் திரெட், பக்கத்துத் திரெட்டின் வளங்களையும் கொஞ்சம் கொறிக்கும். உண்மையிலேயே ஒற்றை இலக்க மைக்ரோநொடி தேவைப்படும் இடங்களில்கூட சி1-ஐ அனுமதிக்கும் எண்ணில் தொடங்கி அளந்து பார்த்த பிறகே 0-க்குப் போக வேண்டும்.

தாமதம் முக்கியமான வேலை நான்கு கோர்களில்தான் ஓடுகிறது என்றால், அறுபத்து நான்கையும் ஏன் எழுப்ப வேண்டும்? ஒவ்வொரு சிபியுவின் பவர் கோப்பகத்திலும் பிஎம்_கியூஓஎஸ்_ரெசியூம்_லேட்டன்சி_யுஎஸ் என்று ஒரு கோப்பு உண்டு. அதில் எழுதினால் எல்லை அந்தச் சிபியுவுக்கு மட்டும். உலகளாவிய எல்லையும் இதுவும் இரண்டும் இருந்தால் சிறியது செல்லும். இந்த வசதியின் மிகப் பயனுள்ள மூலை இதுதான். மிகக் கோணலான மூலையும் இதுதான். இங்கே 0 என்றால் "எந்தக் கட்டுப்பாடும் இல்லை". துளித் தாமதமும் கூடாது என்று சொல்ல என், சாய்வுக்கோடு, ஏ (n/a) என்ற மூன்று எழுத்துக்குறிகளை எழுத வேண்டும். சாதனக் கோப்பில் 0-க்கு இருக்கும் பொருளுக்கு நேர் எதிர்! பழைய ஸ்கிரிப்டை அப்படியே இங்கே கொண்டுவந்தவர்கள் இருந்த எல்லையையும் கழற்றிவிட்டு, ஏன் மெதுவானது என்று தேடிக்கொண்டிருப்பார்கள். போதாததற்கு, இங்கே எழுதிய எண் நிரல் மூடிய பிறகும் அப்படியே கிடக்கும். தானாகத் துடைக்கும் வசதி சாதனக் கோப்புக்கு மட்டும்தான். மடிக்கணினியில் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: ஒரே ஒரு கோரை சி1-இல் பிடித்து வைத்தாலும் முழுச் சிப்பும் ஆழ்ந்த பேக்கேஜ் தூக்கத்துக்குப் போக முடியாது. பேட்டரிக்கு அடி பலமாகவே விழும்.

கோரிக்கையை நொடிக்கு நூறு முறை போட்டு எடுப்பதும் தவறு. உலகளாவிய எல்லை மாறும்போது, புதிய எண் உடனே அமலாக வேண்டும் என்பதற்காக கெர்னல் தூங்கும் எல்லாச் சிபியுக்களையும் தட்டி எழுப்புகிறது. தொந்தரவே கூடாது என்று ஒதுக்கி வைத்த கோர்களும் அந்தத் தட்டலுக்குத் தப்பாது.

எல்லை சரியாக விழுந்தும் தாமதம் குறையவில்லை என்றால், இந்த வசதியின் கைக்கு எட்டாத இடங்களைப் பாருங்கள். கோர் 2 மைக்ரோநொடியில் எழுந்துவிடலாம், ஆனால் குறைந்த அதிர்வெண்ணில் எழுந்து தள்ளாடும். அதற்கு ஸ்கேலிங்_மின்_ஃப்ரீக் தனியாக வேண்டும். அதுவும் பிஎம் கியூஓஎஸ் குடும்பத்தின் அதிர்வெண் கிளைதான், ஆனால் தாமத எல்லையோடு அதற்குப் பேச்சு கிடையாது. ஃபர்ம்வேர் நடுவில் புகுந்து எடுத்துக்கொள்ளும் எஸ்எம்ஐ நேரம், பிசிஐஇ இணைப்பின் ஏஎஸ்பிஎம் என்ற மின்சேமிப்புத் தூக்கம் இவற்றையும் இது தொடாது. மெய்நிகர் இயந்திரத்துக்குள் போட்ட 20 என்ற எல்லை வெளியே இருக்கும் ஹோஸ்டின் காதுக்கே போகாது.

அளக்கும்போதும் ஒரு கண்ணி இருக்கிறது. தாமதம் அளக்கப் பலரும் எடுக்கும் சைக்ளிக்டெஸ்ட், தான் ஓடும் நேரம் முழுக்க சாதனக் கோப்பில் 0 எழுதி வைத்திருப்பதையே இயல்பாகச் செய்யும். தொடக்க வரியிலேயே அதைச் சொல்லவும் செய்கிறது, யாரும் படிப்பதில்லை. சோதனையில் பிரமாதமான எண்கள், உண்மை ஓட்டத்தில் அவலம் என்றால் காரணம் இதுவாக இருக்கலாம். லேட்டன்சி விருப்பத்தில் உங்கள் எண்ணைக் கொடுத்து ஓட்டுங்கள். கூடவே, கோர்களின் தூக்கத்தையும் வேகத்தையும் காட்டும் டர்போஸ்டாட்டைத் திறந்து வைத்து, சி6 சதவீதம் பூஜ்யத்துக்கு இறங்குகிறதா, வேலை செய்யும் கோரின் மெகாஹெர்ட்ஸ் விழுகிறதா, பேக்கேஜ் வாட் எவ்வளவு ஏறுகிறது என்று மூன்றையும் பாருங்கள்.

மாற்று வழிகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். பூட் நேரத்தில் இன்டெல்_ஐடில்.மேக்ஸ்_சிஸ்டேட் அளவுரு கொடுப்பது முரட்டுத்தனம். மாற்ற வேண்டுமென்றால் மறுபடி பூட். அதில் 0 கொடுத்தால் தூக்கம் நிற்காது, இன்டெல்-ஐடில் டிரைவர் ஒதுங்கி ஏசிபிஐ டிரைவர் வந்து உட்காரும். சிபியுபவர் கருவியின் ஐடில்-செட் கட்டளையில் பெரிய டி விருப்பம் கொடுத்த எண்ணுக்குச் சமமான நிலையையும் சேர்த்தே அணைக்கும். பிஎம் கியூஓஎஸ் சமமானதை அனுமதிக்கும். ஒரே 10, இரண்டு இடத்தில் இரண்டு விளைவு. பொதுவான சர்வருக்கு டியூன்டு மென்பொருளின் லேட்டன்சி-பெர்ஃபார்மன்ஸ் சுயவிவரமே போதும். அது சாதனக் கோப்பைத் திறந்தபடி வைத்திருக்கும் வேலையைச் சரியாகச் செய்கிறது.

ஒலிப்பதிவுக்காக இதையெல்லாம் நோண்டுபவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. லினக்ஸின் ஒலி அமைப்பான அல்சா ஒவ்வொரு ஒலி ஓடைக்கும் தானே ஒரு கோரிக்கை போடுகிறது: பீரியட் (ஒரு தடவைக்கு எடுக்கும் ஒலித் துண்டு) நேரத்தில் 75 சதவீதம். 48,000 ஹெர்ட்ஸில் 64 ஃபிரேம் என்றால் எல்லை 1,000 மைக்ரோநொடி. 890 எடுக்கும் சி10-கூட அதற்குள் அடங்கிவிடும். அந்த 1,000-உம் உங்களுக்குப் போதவில்லை என்றால் மட்டும் கை வையுங்கள்.

டிஸ்க் பக்கம் தாமதம் என்றால் சிபியுவை விட்டுவிட்டு என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி) சாதனத்தின் பவர் கோப்பகத்துக்குப் போங்கள். அங்கே பிஎம்_கியூஓஎஸ்_லேட்டன்சி_டாலரன்ஸ்_யுஎஸ் என்ற கோப்பு, எஸ்எஸ்டி தானாகத் தூங்கும் ஆழத்தைக் கட்டுப்படுத்துகிறது. இயல்பு எல்லை 1,00,000 மைக்ரோநொடி, அதாவது 100 மில்லிநொடி. சில நிமிடச் சும்மாவுக்குப் பிறகு வரும் முதல் வாசிப்பு மட்டும் திணறுகிறது என்றால் இந்த எண்ணை இறக்கிப் பாருங்கள். 0 எழுதினால் தானியங்கித் தூக்கம் முழுவதும் நிற்கும். இந்தக் கோப்பில் மட்டுமாவது 0 என்பதற்கு சாதனக் கோப்பில் இருந்த அதே பொருள்தான்.