“ஹார்மோன் பேலன்ஸ்” பேக்கேஜுக்குப் போன 3,680 வெள்ளி: கையெழுத்துப் போடும் முன் படியுங்கள்

3,680 சிங்கப்பூர் வெள்ளி. என் தங்கை ஒரு வெல்னஸ் சென்டரில் கட்டிய பணம். இன்று காலையோடு “ரீஃபண்ட் கிடையாது” என்று முடித்துவிட்டார்கள். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அதே விளம்பரம் இன்னமும் தமிழில் ஓடிக்கொண்டிருக்கிறது. “எல்லா டெஸ்ட்டும் நார்மல்னு சொல்றாங்களா? ஆனா உங்களுக்குத் தெரியும், உடம்பு சரியில்லைன்னு!” என்று தொடங்கும். பார்த்தவர்களுக்குப் புரியும்.

புகார் போகப்போவதால் பெயரைப் போடவில்லை. பேரங்காடியின் மேல்மாடியில், பாதி அழகு நிலையம் பாதி கிளினிக் மாதிரி இருக்கும் வெல்னஸ் சென்டர். ஊழியர்கள் வெள்ளைக் கோட்டுப் போட்டிருப்பார்கள். சுவரில் சட்டம் போட்ட சான்றிதழ்கள். நெஞ்சில் குத்தியிருக்கும் பெயர்ப் பட்டையில் “டாக்டர்”.

தங்கைக்கு இருந்த தொந்தரவுகள் இவை: தூங்கி எழுந்தாலும் போகாத அசதி, கொத்துக் கொத்தாக முடி கொட்டுவது, சாப்பாடு கூடாமலே எடை ஏறுவது, மலச்சிக்கல், ஆபீஸ் ஏர்கானில் உட்கார முடியாத குளிர், தள்ளித் தள்ளி வரும் மாதவிடாய், வந்தால் நிற்காத போக்கு. பக்கத்து கிளினிக்கில் முழு ரத்த எண்ணிக்கை மட்டும் பார்த்துவிட்டு “நார்மல், ஸ்ட்ரெஸ், ரெஸ்ட் எடுங்க” என்று அனுப்பிவிட்டார்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் உடம்பின் இரும்புச் சேமிப்பு காலியாகியிருக்கலாம். அதைக் காட்டுவது ஃபெரிட்டின். அதைப் பார்க்கவில்லை. தைராய்டும் பார்க்கவில்லை. இந்த இடைவெளியில்தான் மேல்மாடிக்காரர்கள் கடை போட்டிருக்கிறார்கள்.

முதல் நாள் 88 வெள்ளி ‘ஸ்கிரீனிங்’. ஆலோசகர் ஒரு தமிழ்ப் பெண். கணினியைப் பார்க்காமல் தங்கையின் முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு தொந்தரவையும் கையால் எழுதிக்கொண்டாராம். நடுவில் பேனாவை மூடி வைத்துவிட்டு, “உங்களை யாருமே முழுசா கேட்கல, இல்லையாக்கா? எல்லாரும் மனசுல இருக்குன்னு சொல்லியிருப்பாங்க” என்றார். தங்கை அழுதுவிட்டாள். டிஷ்யூ பெட்டி ஏற்கெனவே மேசையில் தயாராக இருந்தது. விற்பனை முடிந்தது அந்த இடத்தில்தான். அதற்குப் பிறகு வந்த பரிசோதனை, அறிக்கை, மாத்திரை எல்லாமே ரசீது போடும் வேலை. உடம்புக்கு முடியாத ஒரு பெண்ணின் ஆற்றாமையை அளந்து பார்த்து விலை வைத்திருக்கிறார்கள். என்னால் மன்னிக்க முடியாதது இதைத்தான்.

கணக்கு இது. பரிசோதனைத் தொகுப்பு 1,290 (அந்த 88 இதில் கழிந்துவிட்டதாம்). மூன்று மாத மாத்திரையும் க்ரீமும் 1,590. பத்து ‘டீடாக்ஸ்’ அமர்வு 800. மொத்தம் 3,680, கிரெடிட் கார்டில் மாதத் தவணை.

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். பணம் கட்டிய பிறகுதான் அந்த வண்ண வண்ண அறிக்கை என் கைக்கு வந்தது. அதில் என்ன இருந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

காலை, மதியம், மாலை, இரவு என நான்கு குழாயில் எச்சில் பிடித்து அனுப்பி, கார்டிசோல் (அட்ரினல் சுரப்பி சுரக்கும் ஹார்மோன்) அளவு பார்த்து, “அட்ரினல் ஃபடீக், ஸ்டேஜ் 2”, அதாவது அட்ரினல் களைத்துவிட்டது என்று எழுதியிருக்கிறார்கள். அப்படி ஒரு நோயை நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்கள் ஏற்பதில்லை. எச்சில் கார்டிசோல் பரிசோதனையே பொய் என்று நான் சொல்லவில்லை. குஷிங் நோய்க்குறி இருக்குமோ என்று சந்தேகம் வந்தால், நள்ளிரவை ஒட்டி எடுத்த எச்சிலைப் பார்ப்பது உண்மையான மருத்துவம்தான். அங்கே தேடுவது கார்டிசோல் அதிகமாக இருக்கிறதா என்பதை. அட்ரினல் சுரப்பி நிஜமாகவே குறைவாகச் சுரக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் காலை 8 மணி வாக்கில் ரத்த கார்டிசோல் எடுக்க வேண்டும். அது சந்தேகமாக இருந்தால் மருத்துவமனையில் அட்ரினலைத் தூண்டும் சினாக்தென் ஊசி 250 மைக்ரோகிராம் போட்டு, போடுவதற்கு முன்னும், 30, 60 நிமிடங்களிலும் ரத்தம் எடுப்பார்கள். அதில் ‘ஸ்டேஜ் 2’ என்று எதுவும் வராது.

அடுத்தது “புரோஜெஸ்டிரோன் குறைபாடு, ஈஸ்ட்ரோஜன் ஆதிக்கம்”. இரண்டும் மாதவிடாய்ச் சுழற்சியோடு ஏறி இறங்கும் பெண் ஹார்மோன்கள். ரத்தம் எடுத்த தேதியைப் பார்த்தேன். மாதவிடாய் தொடங்கி 9ஆம் நாள்! அந்த நாளில் எந்தப் பெண்ணுக்கும் புரோஜெஸ்டிரோன் குறைவாகத்தான் இருக்கும். கருமுட்டை வெளிவந்த பிறகுதான் அது ஏறும். 28 நாள் சுழற்சி உள்ளவருக்கு 21ஆம் நாள் வாக்கில் பார்க்கச் சொல்வது அதனால்தான். சுழற்சி 35 நாள் என்றால் 28ஆம் நாள். அதாவது அடுத்த மாதவிடாய்க்கு ஏறக்குறைய ஏழு நாள் முன்பு. எஃப்எஸ்எச், எல்எச், எஸ்ட்ராடியோல் ஆகிய மற்ற ஹார்மோன்களைப் பார்க்க 2 முதல் 5ஆம் நாள். இது என் துறையில் புதிதாகச் சேர்ந்தவருக்கும் தெரியும். 9ஆம் நாளில் எடுத்து ‘குறைபாடு’ என்று சிவப்பு வட்டம் போட்டால், வரும் பெண்கள் அத்தனை பேருக்கும் குறைபாடுதான்.

அந்தக் ‘குறைபாட்டுக்கு’ விற்ற க்ரீம் காட்டு வள்ளிக்கிழங்குச் சாறு. அதில் இருக்கும் டயோஸ்ஜெனினைத் தொழிற்சாலையில் புரோஜெஸ்டிரோனாக மாற்றலாம். மனித உடம்பால் மாற்ற முடியாது. பூசினால் தோல் வழுவழுப்பாகும், அவ்வளவுதான்.

தலைமுடியை வெட்டி எடுத்துத் தாது அளவு பார்த்திருக்கிறார்கள். ஷாம்பூ, சாயம், எண்ணெய் எல்லாமே அந்த எண்ணை மாற்றும். தொண்ணூற்றுச் சொச்சம் உணவுக்கு ஐஜிஜி (ரத்தத்தில் இருக்கும் ஒரு வகை எதிர்ப்பொருள்) பார்த்து, அரிசி, தயிர், முட்டை, பருப்பு எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார்கள். ஐஜிஜி உயர்ந்திருந்தால் அந்த உணவை நீங்கள் அடிக்கடி சாப்பிடுகிறீர்கள் என்று அர்த்தம். ஒவ்வாமை என்று அர்த்தமில்லை. அசதியில் கிடக்கும் பெண்ணிடமிருந்து பருப்பையும் முட்டையையும் பிடுங்கிவிட்டார்கள்.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். பணத்தைவிடப் பெரிய நஷ்டம்.

அந்த 1,590 வெள்ளி மாத்திரையில் ‘முடி, நகம்’ புட்டியில் ஒரு கேப்ஸ்யூலுக்குப் பயோட்டின் என்ற பி வைட்டமின் 10,000 மைக்ரோகிராம், அதாவது 10 மில்லிகிராம். சில ஆய்வுக் கருவிகளில் தைராய்டு பரிசோதனையே பயோட்டின் என்ற கொக்கியை வைத்துத்தான் நடக்கிறது. கருவிக்குள் பயோட்டினைப் பிடித்துக்கொள்ளும் ஸ்ட்ரெப்டாவிடின் பூசிய துகள்கள் இருக்கும். பரிசோதனைத் திரவத்தில் இருக்கும் பயோட்டின் அதில் ஒட்ட வேண்டும். ரத்தத்தில் ஏற்கெனவே மாத்திரை பயோட்டின் நிறைந்திருந்தால் அது முன்னாலேயே போய் எல்லா நாற்காலியிலும் உட்கார்ந்துகொள்ளும். விளைவு, டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், தைராய்டு குறைந்தால் இது ஏறும்) இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும். ஃப்ரீ டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017இலேயே இதுபற்றி எச்சரித்திருக்கிறது. எல்லாக் கருவியிலும் இப்படி ஆகாது. ஆனால் உங்கள் ரத்தம் எந்தக் கருவிக்குப் போகிறது என்று உங்களுக்குத் தெரியாதே.

தங்கை பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போன அன்று காலை அந்த கேப்ஸ்யூலை விழுங்கிவிட்டுப் போயிருக்கிறாள். டிஎஸ்எச் 0.9. பார்த்தால் நார்மல். ஆனால் ஃப்ரீ டி4 மேல் எல்லையைத் தாண்டியிருந்தது. குளிர், மலச்சிக்கல், எடை ஏற்றம் எல்லாம் தைராய்டு குறைந்தவர்களின் அறிகுறி. அறிக்கையோ நேர்மாறாக நிற்கிறது. அங்கிருந்த இளம் மருத்துவர் அதைக் கவனித்து, “வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க? புட்டியை எடுத்துட்டு வாங்க” என்று கேட்டதால் பிழைத்தோம். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மறுபடி எடுத்தபோது டிஎஸ்எச் 11.4, ஃப்ரீ டி4 கீழ் எல்லைக்கும் கீழே, தைராய்டைத் தாக்கும் டிபிஓ எதிர்ப்பொருள் பாசிட்டிவ், ஃபெரிட்டின் வெறும் 9. ஹஷிமோட்டோ தைராய்டு அழற்சி (உடம்பின் எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தாக்கும் நோய்), கூடவே இரும்புச் சத்துக் குறைவு. இரண்டுக்கும் சாதாரண, விலை குறைந்த மருந்து இருக்கிறது. 3,680 வெள்ளி வாங்கியவர்கள் இந்த இரண்டில் ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்க முடியாதபடி மறைக்கிற மாத்திரையையும் விற்றிருக்கிறார்கள்.

பிறகு நடந்த தட்டிக்கழிப்பு. தலை சுற்றுகிறது என்று தங்கை வாட்ஸ்அப் அனுப்பினாள். “இது டீடாக்ஸ் ரியாக்‌ஷன்க்கா, நல்ல அறிகுறி” என்று பதில், பூ ஸ்டிக்கரோடு. முன்னேற்றம் இல்லை என்றதும் “டயட் முழுசா ஃபாலோ பண்ணீங்களா?” என்று பழி அவள் மேல். மருத்துவமனை அறிக்கையை அனுப்பினால் “அது வெஸ்டர்ன் மெடிசின் ரேஞ்ச், எங்களோடது ஆப்டிமல் ரேஞ்ச்”. பணத்தைக் கேட்டதும் ஆலோசகர் “மேனேஜர் லீவு”. மேனேஜர் வந்ததும் “ஹெச்க்யூ முடிவு”. நேரில் போனோம். டிஷ்யூ பெட்டி வைத்திருந்த அதே பெண் ஒப்பந்தத்தைத் திருப்பி, பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியைக் காட்டினார்: இது நலத் திட்டம், மருத்துவ நோயறிதல் அல்ல. பரிசோதனை செய்யும்போது ‘டயக்னோசிஸ்’, பணம் கேட்கும்போது ‘வெல்னஸ்’! உடைக்காத புட்டிகளையும் போகாத ஏழு அமர்வுகளையுமாவது கழிக்கச் சொன்னோம். “ஃபேஷியல் பேக்கேஜா மாத்தித் தர்றோம்” என்றார்கள். இன்று காலை கடைசிச் செய்தி: “கேஸ் க்ளோஸ்ட். டேக் கேர், அக்கா.” 3,680 வெள்ளி வாங்கிக்கொண்டு டேக் கேர்.

அந்த ‘டாக்டரின்’ பெயரைச் சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் இணையப் பதிவேட்டில் தேடினேன். இல்லை. இரண்டு நிமிட வேலை, யார் வேண்டுமானாலும் தேடலாம். “எச்எஸ்ஏ (சுகாதார அறிவியல் ஆணையம்) அப்ரூவ்ட்” என்று சொல்லித்தான் மாத்திரையை விற்றார்கள். சத்து மாத்திரைகளை விற்க இங்கே முன் அனுமதியே தேவையில்லை. அப்புறம் எதை அப்ரூவ் செய்தார்கள்?

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. அவசரமாகச் சிலவற்றை மட்டும்.

பலதுறை மருந்தகத்திலிருந்து தொடங்குங்கள். அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்தோடு அரசாங்க மருத்துவமனை நிபுணரிடம் போனால்தான் மானியக் கட்டணம். சாஸ் (சமூக சுகாதார உதவித் திட்டம்) அட்டை இருந்தால் சாஸ் கிளினிக் கடிதமும் ஆகும். நேராகப் போனால் தனியார் கட்டணம்.

ஒரே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எந்தத் தொந்தரவு எப்போது தொடங்கியது, கடைசி சில மாதவிடாய்த் தேதிகள், எடை, சாப்பிடும் எல்லா மாத்திரையும், நாட்டு மருந்தும். முழு ரத்த எண்ணிக்கையோடு நிற்காமல் ஃபெரிட்டின், டிஎஸ்எச், ஃப்ரீ டி4, எச்பிஏ1சி (சர்க்கரை அளவு), வைட்டமின் பி12 பார்க்கலாமா என்று கேளுங்கள். மாதவிடாய் தவறினால் கர்ப்பப் பரிசோதனையும் புரோலாக்டினும் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்). பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) என்று முடிவு கட்டுவதற்கு முன் தைராய்டையும் புரோலாக்டினையும் பார்த்தாக வேண்டும்.

பயோட்டின் சாப்பிடுகிறவர்கள் ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள், டாக்டரிடமும் சொல்லுங்கள். மல்டிவிட்டமினிலும் இருக்கும், லேபிளைப் படியுங்கள்.

ஏதாவது ‘மூலிகை’ மாத்திரை சில நாளிலேயே அதிசயமாக வேலை செய்து, முகமும் உப்பினால், அதில் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து கலந்திருக்கலாம். சுகாதார அறிவியல் ஆணையம் இப்படிப்பட்டவற்றைப் பிடித்து எச்சரித்திருக்கிறது. சட்டென்று நிறுத்தாதீர்கள், அது ஆபத்து. புட்டியோடு டாக்டரிடம் ஓடுங்கள்.

கடைக்குள் நடந்துபோய் வாங்கியதற்கு, வீடு தேடி வந்து விற்பவற்றுக்குச் சட்டம் தரும் 5 நாள் ரத்து உரிமை கிடையாது. ஆகவே அன்றே கையெழுத்துப் போடாதீர்கள். ஏற்கெனவே கட்டியிருந்தால் உடனே கார்டு வங்கிக்கு எழுத்தில் ஆட்சேபம் அனுப்புங்கள், பிறகு பயனீட்டாளர் சங்கமான கேஸ். அதிலும் நடக்காவிட்டால் ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரிபியூனல் (சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம்): 20,000 வெள்ளி வரை, இரண்டு ஆண்டுக்குள், வக்கீல் கிடையாது. 5,000 வெள்ளிக்குள் என்றால் பயனீட்டாளருக்கு மனுக் கட்டணம் 10 வெள்ளி. வாட்ஸ்அப் உரையாடலை இப்போதே எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொள்ளுங்கள், அவர்கள் பக்கம் செய்திகளை அழிக்கிறார்கள்.

3,680 வெள்ளிக்கான மனுவை அடுத்த வாரம் தாக்கல் செய்கிறோம். இதே மாதிரி மேல்மாடி இடத்தில், 9ஆம் நாளோ 10ஆம் நாளோ ரத்தம் கொடுத்து ‘குறைபாடு’ அறிக்கை வாங்கியவர்கள் இருந்தால், ரசீதையும் அறிக்கையின் முதல் பக்கத்தையும் தனிச்செய்தியில் அனுப்புங்கள். அடையாள அட்டை எண்ணை மறைத்துவிட்டு அனுப்புங்கள்.