400 ரூபா மண் மீட்டர் நம்ம கடலோர மண்ணுல வேலை செய்யுமா? மூணு இடத்துல குத்திப் பாத்துட்டு எழுதுறேன்

ஆன்லைன்ல விக்குதே, ரெண்டு கம்பி நீட்டிக்கிட்டு மேல பச்சை கலர்ல ஒரு முள்ளு டயல் வச்ச மீட்டர், பேட்டரி வேணாம், மண்ணுல குத்துனா போதும், ஈரம், பிஹெச் (மண்ணோட அமிலம், காரம் அளவு), வெளிச்சம் மூணும் காட்டும்னு போட்டிருப்பாங்க, அதைத்தான் போன தை மாசம் 400 ரூபா சொச்சத்துக்கு வாங்குனேன். கம்பெனி பேரு வேணாம், ஒரே மாதிரி டிசைன்ல பத்து பேருல விக்குது, உள்ள இருக்கறது எல்லாம் ஒண்ணுதான். மாடித்தோட்டம் வச்சிருக்கவங்க நல்லா இருக்குன்னு எழுதிருக்காங்க, அது அவங்க மண்ணு. நான் எழுதுறது ராமநாதபுரம் கடலோரத்துல இருக்கறவங்களுக்கு.

முதல்ல எங்க மண்ணை சொல்லிடுறேன், அது புரியலன்னா மீட்டர் ஏன் பொய் சொல்லுதுன்னு புரியாது.

எங்க வீடு உச்சிப்புளி பக்கம். வடக்க நடந்தா பாக் நீரிணை, தெற்க போனா மன்னார் வளைகுடா, நடுவுல கிழக்க போகப் போக சுருங்கிக்கிட்டே மண்டபம் வரைக்கும் நீளுற நாக்கு மாதிரியான நிலம். பூரா மணல். வெளுத்த மணல், கையில அள்ளுனா சிப்பி நொறுங்குன துண்டு பளபளன்னு தெரியும், எவ்வளவு இறுக்கிப் பிடிச்சாலும் கொழுக்கட்டையா நிக்காது. சாயல்குடி பக்கம் போனா செக்கச்செவேல்னு தேரி மணல் இருக்கும், இரும்புச்சத்து துரு மாதிரி மணல் மேல படிஞ்ச நிறம் அது. எங்களுது வெள்ளை. பனையும் தென்னையும்தான் இதுல நிக்கும்.

அதே மாவட்டத்துல ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் போனா மண்ணே வேற. நாரை பறக்காத நாப்பத்தெட்டு மடைன்னு சொல்லுவாங்களே அந்த பெரிய கண்மாய் இருக்கற ஏரியா. அங்கதான் சித்தப்பா நிலம், கருத்த களிமண்ணு, மழைல ஒட்டி செருப்பை இழுத்துக்கும், சித்திரைல பாளம் பாளமா வெடிச்சு உள்ளங்கையே உள்ள போற அளவுக்கு பிளந்து கிடக்கும். குண்டு மிளகாய் போடுறாரு. நம்ம ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023ல புவிசார் குறியீடு கிடைச்சுச்சுல்ல, அந்த மிளகாய்தான்.

இப்ப நடந்ததை சொல்றேன். மாசி மாசம் மீட்டரை எடுத்துக்கிட்டு சித்தப்பா வீட்டுக்குப் போனேன். மழை முடிஞ்சு ரொம்ப நாளாச்சு, பண்ணைக்குட்டைல கொஞ்சம் தண்ணி மிச்சம் இருக்கு, அதை எப்ப பாய்ச்சலாம்னு அவருக்கு யோசனை. நான் குத்திக் காட்டுனேன். முள்ளு நேரா 8ல போய் நிக்குது, ஈரம்னு நீலக்கலர். "சித்தப்பா உள்ள ஈரம் நிறைய இருக்கு, ஒரு வாரம் தள்ளிப் போடுங்க"ன்னு சொன்னேன். அவரு "மேல காஞ்சு கிடக்கேப்பா"ன்னாரு, அப்புறம் என் பேச்சைக் கேட்டுட்டு விட்டுட்டாரு. ஆறாவது நாள் போன் வருது, செடி பூரா தலை தொங்கிருச்சு, பூ கொட்டிருச்சுன்னு. நாப்பது சென்டு. எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல.

அப்புறம்தான் உக்காந்து இது எப்படி வேலை செய்யுதுன்னு படிச்சேன். அந்த ரெண்டு கம்பியும் வேற வேற உலோகம், ஈர மண்ணுல குத்துனா ரெண்டுக்கும் நடுவுல சின்னதா கரண்ட் ஓடும், பள்ளிக்கூடத்துல எலுமிச்சம்பழத்துல ஆணி சொருகி பல்பு எரிய வைப்பாங்களே அதே கதை, அந்த கரண்டுதான் முள்ளைத் தள்ளுது. அதாவது இது ஈரத்தை அளக்கல, மண்ணுக்குள்ள கரண்ட் எவ்வளவு சுலபமா போகுதுன்னு அளக்குது. தண்ணி இருந்தாலும் கரண்ட் போகும், உப்பு இருந்தா கொஞ்சூண்டு தண்ணியிலயும் பிரமாதமா போகும். உப்பு இல்லாத ஊருல ரெண்டும் ஒண்ணுன்னு வச்சுக்கலாம். நம்ம ஊருல எப்படி வச்சுக்கறது?

நம்பாதவங்க வீட்டுலயே பாருங்க. எங்க தென்னந்தோப்பு மணலை நல்லா காய வச்சு ரெண்டு டம்ளர்ல ஒரே அளவு போட்டேன், ரெண்டுக்கும் ஒரே அளவு தண்ணி, ஒண்ணுல மட்டும் அரை ஸ்பூன் சமையல் உப்பு கரைச்சு ஊத்துனேன். உப்பு இல்லாத டம்ளர்ல முள்ளு 3. உப்பு போட்டதுல 10ஐ தொட்டு அதுக்கு மேல போக இடமில்லாம முட்டிக்கிட்டு நிக்குது. ஈரம் ரெண்டுலயும் ஒண்ணுதான்.

எங்க தோப்புல கதை தலைகீழ். காலைல தென்னைக்கு தண்ணி விட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு குத்துனா 1 காட்டுது, காய்ஞ்சிருக்குன்னு. தோண்டிப் பாத்தா ஈரம் இருக்கு. பருமணல்ல கம்பியோட மேல மண்ணு சரியா ஒட்டாது, இடைல காத்து, அதோட இந்த மணல்ல உப்பும் கிடையாது, கரண்ட் போக வழியில்ல. ஆக மணல்ல ஈரமா இருக்கறதை காஞ்சிருக்குங்குது, களிமண்ணுல காஞ்சு கிடக்கறதை ஈரம்ங்குது. மூணாவதா வாலிநோக்கம் போனப்ப உப்பளத்துக்கு வெளிய ஒரு தரிசு ஓரத்துல குத்திப் பாத்தேன், மேல வெள்ளையா உப்பு பூத்து பொருக்கா இருக்கு, விரலால கிளறுனா கீழ லேசா நசநசப்பு, அவ்வளவுதான், ஒரு புல்லு கிடையாது, முள்ளு 10. மீட்டர் பேச்சைக் கேட்டா அதுதான் மாவட்டத்துலயே செழிப்பான இடம்.

பிஹெச் பக்கம் பட்டனைத் தள்ளுனா எல்லா இடத்துலயும் 7க்கு பக்கத்துலயே சுத்துது. எங்க மணல் ஆய்வகத்துல 8.2 வந்துச்சு, சிப்பி சுண்ணாம்பு கலந்த மணல் அப்படித்தான் இருக்கும். வெளிச்சம் அளக்கற வசதி எதுக்குன்னு தெரியல, மாசி வெயில்ல நின்னா நமக்கே தெரியும்.

மீட்டருக்கு 5க்கு 1. அந்த 1ம் சென்னைல தொட்டில செம்மண்ணும் உரமும் போட்டு ரோஜா வளக்கறவங்களுக்காக.

இதுக்கு பதிலா என்ன வாங்கலாம்னா, தண்ணி கேன் கடைக்காரங்க பாக்கெட்ல வச்சிருப்பாங்களே டிடிஎஸ் பேனா, அது. அதுவும் கரண்டைத்தான் அளக்குது, ஆனா உப்பை அளக்கறேன்னு உண்மையைச் சொல்லி அளக்குது. செய்முறை இதுதான்: மண்ணை நிழல்ல காய வச்சு கட்டியை உடைச்சு சலிச்சு 50 கிராம் எடுத்துக்கணும், சமையல்கட்டு தராசு போதும். 100 மில்லி தண்ணி, பைப்பு தண்ணி கூடவே கூடாது, நம்ம ஊரு பைப்பு தண்ணியே உப்பு, பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்ட் வாட்டர் வாங்கிக்கங்க. நல்லா கலக்கி அரை மணி நேரம் விட்டு, நடுநடுவுல ஒரு கலக்கு கலக்கி, பேனாவை முக்கணும். பேனாவுல பிபிஎம்னு வர்ற நம்பரை 500ஆல வகுத்தா, ஆய்வகத்துல மண்ணோட உப்பு அளவுக்கு இசின்னு போடுவாங்களே அந்த கணக்குக்கு கிட்டத்தட்ட வந்துரும். 1க்குள்ள இருந்தா பயமில்ல, 3ஐ தாண்டுனா பெரும்பாலான பயிர் திணறும், நடுவுல இருந்தா பயிரைப் பொறுத்தது.

எனக்கு வந்தது: தோப்பு மணல் 90 பிபிஎம், சித்தப்பா மிளகாய் நிலம் 1100, உப்பள ஓரம் 9990ல போய் பேனாவே கைய விரிச்சிருச்சு. 1100னா இசி 2.2. நெல்லு கொஞ்சம் தாங்கும், தென்னை அதுக்கும் மேல தாங்கும், மிளகாய் உப்பைத் தாங்கறது கம்மி. உப்பு இருந்தா மண்ணுல தண்ணி இருந்தும் வேர் இழுக்க முடியாது, அதனால உவர் நிலத்துல பாய்ச்சலை கொஞ்சம் முன்னாடியே கொடுக்கணும். நான் பின்னாடி தள்ளச் சொல்லிட்டேன்.

எனக்கு இதுல ரொம்ப ஆச்சரியமா இருந்தது கடலை ஒட்டி இருக்கற எங்க மணல்ல உப்பு இல்லாம, கடலை விட்டு தள்ளி இருக்கற களிமண்ணுல உப்பு இருக்கறதுதான். யோசிச்சா நியாயம் புரியுது. மணல் தண்ணியையும் நிறுத்தாது, உப்பையும் நிறுத்தாது. ஐப்பசி கார்த்திகைல நாலு நல்ல மழை பெஞ்சா மேல இருக்கற உப்பை அடிச்சுக்கிட்டு கீழ இறங்கிரும். களிமண்ணு இறங்க விடாது, கோடைல கீழ இருக்கற தண்ணியை திரி எண்ணெயை உறிஞ்சுற மாதிரி மேல இழுக்கும், தண்ணி ஆவியா போயிரும், உப்பு மட்டும் மேல தங்கும். பங்குனி சித்திரைல வரப்போரமா வெள்ளையா பூக்குதே, அது இப்படி வர்றதுதான்.

மணல்ல இறங்குன மழைத்தண்ணி எங்க போகுதுன்னு எங்க அப்பத்தாவுக்கு எந்த மீட்டரும் இல்லாம தெரியும். சின்ன வயசுல கடற்கரைல ஊத்து தோண்டப் போவோம், ரெண்டு முழம் கையாலயே பறிச்சா அடில தண்ணி கசியும், சிரட்டையால அள்ளி அள்ளி குடத்துல ஊத்தணும், கடல் கண்ணுக்கு முன்னாடி அலையடிக்குது, குடத்துத் தண்ணி கல்கண்டா இருக்கும். நான் இன்னும் ஆழமா பறிச்சா நிறைய வரும்னு பறிப்பேன், "போதும்டா ராசா, இன்னும் கீழ போனா கடலு வந்துரும்" அப்படிம்பா. அது அப்படியே உண்மை. நல்ல தண்ணி எடை கம்மி, உப்புத்தண்ணி எடை ஜாஸ்தி, அதனால மணலுக்குள்ள மழைத்தண்ணி உப்புத்தண்ணி மேல மிதக்குது. கடல் மட்டத்துக்கு மேல 1 அடி நல்ல தண்ணி நின்னா கீழ சுமார் 40 அடிக்கு நல்ல தண்ணி இருக்கும்னு கணக்கு. மேல 1 அடி குறைஞ்சா கீழ 40 அடி போச்சு. எங்க தெருவுல ஒருத்தரு கிணறு பத்தலன்னு ஆழமா போர் போட்டாரு, ரெண்டே வருசத்துல மோட்டாரைப் போட்டா வாயில வைக்க முடியாத தண்ணி வருது. தனுஷ்கோடில 1964 புயலுக்கு அப்புறமும் அங்கயே இருக்கற மீனவ குடும்பங்க இன்னைக்கும் மணல்ல பறிச்சுதான் தண்ணி எடுக்குறாங்க. டிடிஎஸ் பேனா வாங்குனா மண்ணை விட முதல்ல உங்க கிணத்துத் தண்ணியை மாசம் ஒரு தடவை அளந்து காலண்டர்ல எழுதி வைங்க, ஏற ஆரம்பிச்சா மோட்டார் ஓட்டுறதை குறைங்க.

பேனாவுல குறை இருக்கு. அது எவ்வளவு உப்புன்னு சொல்லும், என்ன உப்புன்னு சொல்லாது. சித்தப்பா நிலத்துல கிழக்கு மூலைல ஒரு அஞ்சு சென்டு எதுவும் வராது, மழை பெஞ்சா பால் காப்பி மாதிரி கலங்கி நாள்கணக்கா நிக்கும். உரக்கடைல ஒருத்தர் நிலம் பூரா ஜிப்சம் போடுங்கன்னு சொல்லிருக்காரு. நான் ரெண்டு எடத்து மண்ணையும் கலக்குன டம்ளரை அப்படியே ஜன்னல்ல வச்சுட்டேன். மிளகாய் நிலத்து மண்ணு கொஞ்ச நேரத்துல அடில படிஞ்சு மேல தண்ணி கண்ணாடியா தெளிஞ்சிருச்சு. கிழக்கு மூலை மண்ணு மறுநாள் காலைலயும் டீ மாதிரி கலங்கலாவே நிக்குது. முதல்ல இருக்கறது உவர், உப்பு சேர்ந்தா களித்துகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு படிஞ்சிரும். ரெண்டாவது களர், சோடியம் களியைப் பிடிச்சுக்கிட்டு துகளைப் பிரிச்சு விட்டுரும், அதான் தண்ணி இறங்காம நிக்குது. அரசு ஆய்வகத்துக்கு ரெண்டையும் தனித்தனி பையில கொடுத்தோம், மிளகாய் நிலம் பிஹெச் 7.9, மூலை 8.9. 8.5க்கு மேல இருக்கற மூலைக்குத்தான் ஜிப்சம், அது சோடியத்தை வெளிய தள்ளிட்டு அந்த இடத்துல சுண்ணாம்புச்சத்து உக்காரும், அப்புறம் தண்ணி கட்டி வடிச்சு விடணும். உவருக்கு ஜிப்சம் தண்டச்செலவு, மழைத்தண்ணியைத் தேக்கி வடிச்சாலே போதும், வடிகால் மட்டும் ஒழுங்கா இருக்கணும். நிலம் பூரா போட்டிருந்தா முக்கால்வாசி காசு வீண்.

ஆய்வகத்துக்கு மண்ணு எடுக்கறப்ப வரப்போரம், எருக்குழி பக்கம், மரத்தடி எல்லாம் விட்டுருங்க, மேல செத்தையை ஒதுக்கிட்டு வி மாதிரி அரை அடி ஆழத்துக்கு குழி வெட்டி, பக்கத்து சுவர்ல மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே கனத்துல சீவி எடுங்க. பத்துப் பதினைஞ்சு எடத்துல எடுத்து கலந்து அரை கிலோவா குறைச்சுக்கங்க. உவர் நிலத்துல மேல பூத்த பொருக்கை மட்டும் சுரண்டிக் கொடுத்தா இசி எகிறிக் காட்டும், பயந்துருவீங்க. தென்னைன்னா இன்னும் ஆழத்துல 1 அடி, 2 அடி, 3 அடின்னு தனித்தனியா எடுக்கணும்.

பேனாவுக்கு 5க்கு 4. 1413 மைக்ரோ சீமென்ஸ்னு போட்ட சின்ன கரைசல் பாக்கெட் தனியா வாங்கி ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை சரி பாருங்க, உப்புத்தண்ணில முக்குனதும் டிஸ்டில்ட் வாட்டர்ல கழுவி வைங்க, கழுவாம வச்சதுல என் முதல் பேனா அளவு தப்பா காட்ட ஆரம்பிச்சிருச்சு.

ஈரம் பாக்க எனக்கு இப்ப மண்வெட்டிதான். மணல்ல முக்கால் அடி பறிச்சு விரல்ல ஒட்டுதான்னு பாக்குறேன், ஒட்டலன்னா தண்ணி. அம்மா தென்னையைச் சுத்தி தேங்காமட்டையை குழிப்பக்கம் மேல பாக்க அடுக்கிப் புதைச்சு வச்சிருக்கு, வட்டப்பாத்தில கரம்பை மண்ணும் (கண்மாய் வண்டல்) கொட்டிருக்கு, அந்த மரத்துக்கு மட்டும் ரெண்டு நாள் கூட தாங்குது. சித்தப்பா களியை உருட்டிப் பாக்குறாரு, உருண்டை விரிசல் விடாம உருண்டா ஒரு நாள் பொறுக்கறது, உதிர்ந்தா உடனே பாய்ச்சுறது. மீட்டரைக் கேட்டாரு, கொடுக்கல, கம்பி ரெண்டும் துருப்பிடிச்சு பரண்ல கிடக்கு.