ஸ்வநிதி கடன் வாங்கலாமா? தாராவி இட்லிக் கடையிலிருந்து எழுதுகிறேன்

தெரு வியாபாரிகளுக்கான மத்திய அரசின் பி.எம். ஸ்வநிதி கடனைப் பற்றி எங்கள் தெருவில் யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: வாங்குங்கள். ஆனால் வந்த பணம் முழுவதையும் தொழிலில் கொட்டிவிடாதீர்கள். இரண்டு தவணைக்கான பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். கொரோனாவுக்குப் பிறகு எங்களைப் போன்றவர்கள் மறுபடி கடை போட உருப்படியாகக் கைக்கு வந்த உதவி இதுதான். குறையும் உண்டு, அதையும் சொல்கிறேன்.

எங்களுக்கு மும்பை தாராவியில் இட்லி வியாபாரம். ராத்திரி மாவு அரைத்து, விடிவதற்குள் அவித்து முடித்தால், எங்க வீட்டுக்காரர் சைக்கிளில் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு ஹாரன் அடித்தபடி மாட்டுங்கா, சயான் பக்கம் போவார். வாசலில் மாவும் இட்லியும் விற்பது நான். 2020 மார்ச் 25ஆம் தேதி ஊரடங்கு. ஏப்ரல் 1ஆம் தேதி தாராவியில் முதல் நோயாளி. அதற்கப்புறம் தாராவியிலிருந்து வருகிற சாப்பாட்டை யார் வாங்குவார்கள்? கட்டுப்பாடுகளைத் தளர்த்திய பிறகும் பல கட்டடங்களில் வாட்ச்மேன் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார். ஆபீஸ் போகிறவர்களும் இல்லை. லோக்கல் ரயிலில் எல்லோரும் ஏறலாம் என்று ஆனதே 2021 பிப்ரவரி 1ஆம் தேதிதான், அதுவும் குறிப்பிட்ட நேரங்களில் மட்டும். அதற்குள் கைமுதல் கரைந்து, உளுந்து வாங்கவே யோசிக்கிற நிலைமை.

இந்தத் திட்டத்தை மத்திய அரசு 2020 ஜூன் 1ஆம் தேதி தொடங்கியது. அந்த ஆண்டு மார்ச் 24ஆம் தேதியோ அதற்கு முன்போ தெருவில் வியாபாரம் செய்தவர்களுக்கு அப்போது முதல் கடன் 10,000 ரூபாய் வரை. அடமானம் கிடையாது. ஒரு வருடத்தில் மாதத் தவணையாகக் கட்ட வேண்டும். ஒழுங்காகக் கட்டினால் ஆண்டுக்கு 7 சதவீத வட்டியை அரசு மானியமாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை நம் கணக்கில் போடும். முன்கூட்டியே அடைத்தாலும் அபராதம் இல்லை.

எங்கள் பக்கத்துத் தண்டலோடு வைத்துப் பார்த்தால்தான் இதன் அருமை தெரியும். தண்டலில் 10,000 ரூபாய் எழுதிக்கொண்டு 9,000தான் கையில் தருவார்கள். தினம் 100 ரூபாய், நூறு நாள். ஒரு நாள் விட்டாலும் மறுநாள் காலை வாசலில் ஆள் நிற்கும், வாடிக்கையாளர் முன்னாலேயே கேட்பார்கள். ஆக, நூறு நாளைக்கே 1,000 ரூபாய் போய்விடுகிறது. ஸ்வநிதியில் வங்கி வட்டி 12 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை ஏறக்குறைய 890 ரூபாய். வருடம் முழுவதற்கும் வட்டி 660 ரூபாய் சொச்சம், அதிலும் பாதிக்கு மேல் மானியமாகத் திரும்பி வரும். பத்தாயிரத்தை ஒரு வருடம் வைத்திருக்க 300 ரூபாய் கூட ஆகாது. தண்டல்காரரிடம் இந்தக் கணக்கைச் சொன்னால் நம்பவே மாட்டார்.

சரி, எங்கே இழுக்கிறது? முதலில் ஆதாரில். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்த பக்கத்து வீட்டுப் பெண் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, ஆதார்ல எந்த நம்பர் இருக்கு?" என்பதுதான். திருநெல்வேலியில் எடுத்த ஆதார், எப்போதோ தொலைந்த சிம். ஓ.டி.பி. எங்கே வரும்? எங்கள் சந்தில் பலருக்கும் இதே கதை. அடுத்தது, தெரு வியாபாரி என்பதற்கான சான்றிதழ். அது இல்லாதவர்கள் மாநகராட்சியின் பரிந்துரைக் கடிதத்தை வைத்து விண்ணப்பிக்கலாம். எங்களுக்கும் அந்தக் கடிதம்தான் கைகொடுத்தது.

அப்புறம் வங்கி. பெயர் வேண்டாம். ஜாமீனுக்கு ஆள் கூட்டி வரச் சொன்னார்கள். திட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. கடன் திரும்பாவிட்டால் வங்கியின் இழப்பில் ஒரு பங்கை ஏற்க உத்தரவாத ஏற்பாடே இருக்கிறது. அச்சடித்த விதிமுறையை மேசையில் வைத்தேன். இரண்டு தடவை வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துக்கு அனுப்பினார்கள். நீங்களும் அந்தத் தாளை எடுத்துக்கொண்டே போங்கள்.

பணம் வந்ததும் முதலில் கிரைண்டரைத்தான் சரி செய்தோம். மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்ததில் பெல்ட் காய்ந்து வெடித்திருந்தது. புது பெல்ட், சைக்கிளுக்கு டயர், அரிசி, ஒரு மூட்டை உளுந்து. ஹாரன் சத்தம் கேட்டு மாட்டுங்காவில் பழைய பாட்டி ஒருவர் மாடியிலிருந்து, "உயிரோட இருக்கியா தம்பி!" என்று கூப்பிட்டாராம்.

வியாபாரம் தலைதூக்குவதற்குள் 2021 ஏப்ரல் 14ஆம் தேதி இரவு மகாராஷ்டிரத்தில் மறுபடியும் கட்டுப்பாடு. பார்சல் மட்டும் கொடுக்கலாம் என்றார்கள், ஆனால் வாங்க ஆள் வேண்டுமே. தவணை மட்டும் தேதி தவறாமல் கணக்கிலிருந்து போனது. என் பெரிய மனக்குறை இதுதான். 2020இல் ரிசர்வ் வங்கி ஆறு மாதம் தவணையைத் தள்ளிவைக்க இடம் கொடுத்தது. அது அந்த மார்ச்சுக்கு முன் கடன் வாங்கியவர்களுக்கு. நோயால் விழுந்தவர்களைத் தூக்கிவிடவே கொண்டுவந்த கடனில், அரசே கடையை மூடச் சொல்லும் மாதங்களில் தவணை தானாக நிற்க வேண்டாமா? மாநில அரசு அப்போது பதிவு பெற்ற வியாபாரிகளுக்கு 1,500 ரூபாய் அறிவித்தது. பதிவு இல்லாமல் வருடக்கணக்காக அதே இடத்தில் விற்றவர்கள் வேடிக்கைதான் பார்த்தார்கள். அடுத்த பேரிடர் வருவதற்குள் எல்லோரையும் கணக்கெடுத்து அட்டை கொடுத்துவிட்டால், உதவி யாருக்குப் போக வேண்டும் என்று அன்றைக்குத் தேட வேண்டியதில்லை.

முதல் கடனை அடைத்ததும் இரண்டாவதாக 20,000 கிடைத்தது. இதில் ஜாமீன் பேச்சே எழவில்லை. அப்போது கியூ.ஆர். அட்டையில் பணம் வாங்கினால் மாதம் 100 ரூபாய் வரை ஊக்கத்தொகை தந்தார்கள். சின்னத் தொகைதான், ஆனாலும் சட்னிக்குத் தேங்காய் ஆயிற்றே.

2025 ஆகஸ்டில் திட்டத்தை 2030 மார்ச் வரை நீட்டித்து, தொகையையும் மாற்றியிருக்கிறார்கள்: முதலில் 15,000, அடுத்து 25,000, மூன்றாவதாக 50,000. இரண்டாவது கடனை அடைத்தவர்களுக்கு ரூபே கிரெடிட் கார்டும் உண்டு. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: கடன் கிடைத்துவிட்டது என்பதற்காக நடைபாதையில் கடை போடும் உரிமை வந்துவிடாது. மாநகராட்சி வண்டி வந்தால் பாத்திரம் போகும். பரிந்துரைக் கடிதத்தை நகலெடுத்து வைத்துக்கொண்டு, 2014ஆம் ஆண்டு தெரு வியாபாரிகள் சட்டப்படியான சான்றிதழுக்குத் தனியாக அலையத்தான் வேண்டும். எங்களுடையது இன்னும் வரவில்லை, கேட்டுக்கொண்டே இருக்கிறோம்.