ஷெல்செக்: பேஷ் ஸ்கிரிப்ட்ல எக்ஸிட் கோட் எங்க தொலையுதுன்னு தெரிஞ்சிக்க

பேஷ் ஸ்கிரிப்ட் (கமாண்டுகள வரிசையா எழுதி வச்ச ஃபைல்) எரர் அடிச்சு நின்னா கூட பரவால்லங்க, நடுவுல ஒரு கமாண்ட் ஃபெயில் ஆகியும் கடைசில எக்ஸிட் கோடா, அதாவது வேலை நல்லா முடிஞ்சுதா இல்லையான்னு சொல்ற நம்பரா, 0 (எல்லாம் சரின்னு அர்த்தம்) குடுத்துட்டு போகுது பாருங்க, அதான் ஆபத்து, அத நம்பி அடுத்த ஜாப் ஓட ஆரம்பிச்சிடும். இந்த மாதிரி இடத்த பிடிக்க ஷெல்செக் அளவுக்கு உதவுற டூல் நான் பாத்ததில்ல. ஓப்பன் சோர்ஸ், இலவசம், ஸ்கிரிப்ட்ட ஓட்டாம படிச்சு மட்டும் பாக்கும், அதனால எந்த ஸ்கிரிப்ட்டயும் தைரியமா குடுக்கலாம்.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்சது 2155ங்கற வார்னிங். ஃபங்ஷனுக்குள்ள லோக்கல்னு (local) போட்டு அதே வரில ஒரு கமாண்டோட அவுட்புட்ட வேரியபிள்ல வாங்குவோம்ல, அங்க உள்ள இருக்க கமாண்ட் ஃபெயில் ஆனாலும் லோக்கலும் ஒரு கமாண்ட் தான்ங்கறதால அதோட 0 தான் மிஞ்சும், ஃபெயில் ஆனா உடனே நிறுத்துன்னு செட் மைனஸ் ஈ (set -e) போட்டிருந்தாலும் ஸ்கிரிப்ட் நிக்காது. எவ்ளோ நேரம் உத்துப் பாத்தாலும் அந்த வரில தப்பு கண்ணுக்குப் படாது. டிக்ளேர் பண்றது ஒரு வரி, வேல்யூ வாங்குறது அடுத்த வரின்னு பிரிச்சா முடிஞ்சுது. நடுவுல ஒரு எக்கோ (echo, எழுத்த திரைல காட்டுற கமாண்ட்) போட்டுட்டு, முந்தின கமாண்டோட கோட சொல்ற டாலர் கேள்விக்குறிய ($?) செக் பண்ணா வர்றது எக்கோவோட கோட், அதுக்கு 2320 வரும். எக்ஸிட் 256னு எழுதினா 0ஆ மாறிடும், 255க்கு மேல இடமில்ல, அதையும் சொல்லிடும். விண்டோஸ்ல எழுதி கொண்டு வந்த ஃபைல்ல வரிக்கு வரி கேரேஜ் ரிட்டர்ன்ங்கற கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஒட்டிக்கிட்டு இருக்கும், கமாண்ட் கண்ணு முன்னாடி இருந்தும் 127 (கமாண்ட் கிடைக்கலன்னு அர்த்தம்) வர்றதுக்கு அது ஒரு காரணம், அதுவும் மாட்டும்.

ஒரு கமாண்டோட அவுட்புட்ட அடுத்த கமாண்டுக்கு அனுப்புற பைப் விஷயத்துல தான் குறை. பைப்ல கடைசி கமாண்டோட கோட் மட்டும் தான் வெளிய வரும், முன்னாடி இருக்கறது செத்தாலும் தெரியாது, இத ஷெல்செக் தானா சொல்லாது, ஆப்ஷனல் செக் ஆன் பண்ணணும், பண்ணா வார்னிங் கொட்டும். பைப்ல எது ஃபெயில் ஆனாலும் காட்டிக் குடுக்கற பைப்ஃபெயில் (pipefail) ஆப்ஷன செட் பண்றத நீங்களே பழக்கமா வச்சுக்கோங்க.

ஓடும்போது நடக்கறதும் இதுக்குத் தெரியாது. 137 வந்தா 128ஐ கழிச்சுப் பாருங்க, 9 மிச்சம், அது கில் சிக்னலோட நம்பர், யாரோ கில் பண்ணிருக்காங்க, பெரும்பாலும் மெமரி பத்தாம கெர்னலே (சிஸ்டத்தோட மையப் பகுதி) பண்ணிருக்கும், கெர்னல் லாக்க தான் பாக்கணும். 143ன்னா 15, முடிச்சுக்கோன்னு சொல்ற டெர்ம் சிக்னல். இசட்ஷெல் (zsh, பேஷ் மாதிரி இன்னொரு ஷெல்) ஸ்கிரிப்ட்டுக்கும் சப்போர்ட் இல்ல.

கோட தானா செக் பண்ணி பில்ட் பண்ற பில்ட் பைப்லைன்ல ஷெல்செக்க சேக்கறவங்க இத கவனிங்க, சின்ன ஸ்டைல் குறை இருந்தாலும் ஷெல்செக்கே 1 குடுத்து பில்ட்ட நிறுத்திடும். எந்த அளவு குறையிலேர்ந்து சொல்லணும்ங்கற சிவியாரிட்டிய வார்னிங்னு வைங்க, எரர்னு வச்சிடாதீங்க, வச்சா 2155 வராமலே போயிடும்.