நாக்ஸும் டியர்பானும்: இரண்டு போர்த்துறைச் செயலர்கள்

அமெரிக்க விடுதலைப் போரில் களம் கண்டு, பின்னர் போர்த்துறைச் செயலராக உயர்ந்த ஹென்றி நாக்ஸும் ஹென்றி டியர்பானும் முதற்பெயரில் ஒத்த அளவுக்குப் போக்கில் ஒத்தவர்கள் அல்லர். பாஸ்டனில் புத்தகக் கடை நடத்திய நாக்ஸ், பீரங்கிக் கலையைப் பெரும்பாலும் ஏடுகளிலேயே கற்றவர்; ஆயினும் 1775-76 குளிர்காலத்தில் டைகான்டிரோகா கோட்டையிலிருந்து ஏறத்தாழ 60 பீரங்கிகளைச் சறுக்குவண்டிகளில் ஏற்றி, எருதுகளைப் பூட்டி, உறைந்த ஆறுகளைக் கடந்து பாஸ்டன் முற்றுகைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அவை நகரை நோக்கிய குன்றின்மேல் ஏறியதும், 1776 மார்ச் 17 அன்று பிரிட்டிஷ் படை நகரைவிட்டு அகன்றது.

மருத்துவரான டியர்பானோ 1775 இலையுதிர் காலத்தில் பிரிட்டிஷார் வசமிருந்த கனடாவின் கியூபெக் நகரைத் தாக்கச் சென்ற படையோடு காட்டுவழியே நடந்தவர். பட்டினி முற்றிய வீரர்கள் அவருடைய நாயையே தின்றார்கள். பிறகு அவர் பிரிட்டிஷாரிடம் சிறைப்பட்டார்.

பதவியில், குடியரசுத் தலைவர் வாஷிங்டனின்கீழ் நாக்ஸ் வலுவான தேசியப் படையை நாடினார். பின்வந்த குடியரசுத் தலைவர் ஜெஃபர்சனின்கீழ் 1801 முதல் 1809 வரை டியர்பான் படையைச் சுருக்கினார், எனினும் வெஸ்ட் பாயின்ட் இராணுவப் பயிலகம் 1802-இல் அவர் காலத்திலேயே தோன்றியது. அமைப்பாளராக நாக்ஸையே நான் மேலாகக் கருதுகிறேன். களவீரரான டியர்பானுக்கு, பிரிட்டனோடு மீண்டும் மூண்ட 1812 போர் முதுமையில் வந்த சோதனை. தாமதமும் தடுமாற்றமும் மிகுந்து, 1813-இல் தலைமையிலிருந்து நீக்கப்பட்டார்.

நாக்ஸ் 1806-இல் கோழி எலும்பை விழுங்கி இறந்தார். சிகாகோ எழுந்த இடத்துக் கோட்டை டியர்பானின் பெயரைத் தாங்கியது. நாக்ஸின் பெயரோ, அவரே கடனில் தவித்தவர் என்றாலும், அரசின் தங்கக் கிடங்கு உள்ள ஃபோர்ட் நாக்ஸோடு ஒட்டிக்கொண்டது.