முகப்புப் பக்கத்தின் வேகத்தைப் பார்த்து 22,000 ரூபாயை விடுவித்துவிடாதீர்கள்

இணையக் கடையின் வேகத்தைச் சரிசெய்ய ஒரு ஃப்ரீலான்சருக்குக் கொடுத்த பணம் திரும்பாது என்று நேற்று இரவு உறுதியாகிவிட்டது. அந்த எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

சுங்குடிப் புடவை விற்கும் எங்கள் இணையக் கடை வேர்ட்பிரஸ் என்ற இணையதள மென்பொருளிலும், அதில் கடை நடத்த உதவும் வூகாமர்ஸ் என்ற பிளகினிலும் (கூடுதல் நிரல்) ஓடுகிறது. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் சர்வரிலிருந்து முதல் பைட், அதாவது பதிலின் முதல் துளி, வரவே நான்கு விநாடி ஆனது, 0.8 விநாடிக்குள் வருவதே நல்லது என்கிறது கூகுள். ஃப்ரீலான்சர்களை அமர்த்தித் தரும் ஒரு தளத்தில், ஐந்து நட்சத்திரம் வாங்கியிருந்த ஒருவரிடம் 22,000 ரூபாய்க்கு வேலையை ஒப்படைத்தேன். பணம் தளத்திடம் இருக்கும், நான் விடுவித்தால்தான் அவருக்குப் போகும்.

மூன்றாம் நாள் அவர் திரையைப் பகிர்ந்து முகப்புப் பக்கத்தைத் திறந்தார், 0.2 விநாடி என்று பச்சை நிறத்தில் காட்டியது. "சர்வர் பிரச்சினையைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டேன் சார்" என்றார். அடுப்படியில் இருந்த மனைவியைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு, அவள் முன்னாலேயே பணத்தை விடுவிக்கும் பொத்தானை அழுத்தினேன். ஒரு புடவையைக் கார்ட்டில் போட்டுப் பார்க்க இருவருக்குமே தோன்றவில்லை.

அன்று மாலை வாடிக்கையாளர் ஒருவர் அழைத்து, பணம் கட்டும் பக்கம் சுற்றிக்கொண்டே இருப்பதாகச் சொன்னார். அந்த ஃப்ரீலான்சர் செய்திருந்தது, பக்கங்களைச் சேமித்து வைத்துக் காட்டும், இலவசமாகக் கிடைக்கும் ஒரு கேஷ் பிளகினை நிறுவியது மட்டுமே. முகப்பு எல்லோருக்கும் ஒன்றுதான் என்பதால் சேமித்து வைத்த பக்கம் சட்டென வந்துவிடும். கார்ட்டும் பணம் கட்டும் செக்அவுட் பக்கமும் ஆளுக்கு ஆள் மாறுவதால் அவற்றை அப்படிச் சேமிக்க முடியாது, அங்கே அதே நான்கு விநாடிதான்.

கேட்டபோது உங்கள் இணைய இணைப்பு மந்தம் என்றார், பிறகு பிரவுசர் கேஷை அழியுங்கள் என்றார், பிறகு ஹோஸ்டிங் பிளானை உயர்த்துங்கள் என்றார், பிறகு பதிலே இல்லை. விடுவித்த தொகையில் தலையிட இயலாது என்று தளத்திலிருந்து ஒரே வாசகம் மூன்று முறை வந்தது. 22,000 ரூபாய், எங்களுக்கு ஒரு மாதக் கடை வாடகை.

உண்மையான காரணத்தை அக்கா மகன் அரைமணி நேரத்தில் கண்டுபிடித்தான். எப்போதோ நீக்கிய பிளகின்கள் ஆப்ஷன்ஸ் டேபிளில் (அமைப்புகளைச் சேமிக்கும் தரவுத்தள அட்டவணை) விட்டுப்போன 9 எம்பி குப்பை, ஆட்டோலோடு ஆகி, அதாவது தானாகவே ஏற்றப்பட்டு, ஒவ்வொரு கோரிக்கையிலும் ஏறிக்கொண்டிருந்தது. இது 800 கேபியைத் தாண்டினாலே வேர்ட்பிரஸ் 6.6 முதல், தளத்தின் நிலையைச் சோதித்துக் காட்டும் சைட் ஹெல்த் பக்கம் எச்சரிக்கும். எங்கள் டாஷ்போர்டிலும் அந்த எச்சரிக்கை இருந்திருக்கிறது, நான்தான் திறந்ததே இல்லை. துடைத்த பின் செக்அவுட் 1.2 விநாடிக்கு வந்திருக்கிறது.

விரிவாக எழுத இப்போது பொறுமை இல்லை. செக்அவுட் பக்கத்தை நீங்களே சோதிக்காமல் பணத்தை விடுவிக்காதீர்கள். காரணம் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். வேலை முடிந்ததும் அவருக்குக் கொடுத்த அட்மின் கணக்கை நீக்குங்கள். நான் இன்று காலைதான் நீக்கினேன்.